நினைவாக அளிக்கும் நிதி நாளைய நோயாளியைச் சென்றடையும் வழி

திண்டுக்கல் நகரின் பேகம்பூர், ஒருவரது நினைவால் பெயர் பெற்ற பகுதி. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அமைந்துள்ளது. அந்த அம்மையாரைக் குறித்தே இப்பகுதி பேகம்பூர் என வழங்கலாயிற்று. மறைந்தோர் பெயரால் பலருக்கும் பயன்படும் ஒன்றைச் செய்வது நம் மக்களுக்குப் புதிதன்று. கோடையில் நீர்மோர்ப் பந்தல் அமைக்கிறோம். நினைவு நாளில் அன்னமிடுகிறோம். பள்ளிக்கூடத்து மின்விசிறியில் ‘உபயம்’ என்று தந்தையின் பெயரை எழுதி வைக்கிறோம். நிலைத்து நின்று பயன் தரும் தர்மத்தை ‘சதகா ஜாரியா’ என்று இஸ்லாமியப் பெருமக்கள் போற்றுகின்றனர்.

புற்றுநோயால் ஒருவரை இழந்த குடும்பத்தினர், துயரம் சற்றே தணிந்தபின், மருத்துவர்களாகிய எங்களிடம் ஒரு கேள்வியை எழுப்புவதுண்டு. ‘அவர் பெயரால் ஏதேனும் செய்ய விரும்புகிறோம். இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கு எங்கள் பணம் பயன்படுமா?’ என்பதே அது. இறந்தவருக்கு வந்தது மிக அரிய வகைப் புற்றுநோய் எனில், இக்கேள்வியில் கூடுதல் ஏக்கம் தொனிக்கும். ‘இதைப் பற்றி அதிகம் தெரியவில்லை’ என்ற சொல்லைச் சிகிச்சைக் காலம் முழுவதும் அவர்கள் கேட்டிருப்பார்கள். அக்கேள்விக்குரிய விடையை இக்கட்டுரையில் விரிவாகக் கூற முயல்கிறோம்.

அரிய புற்றுநோய் என்பது எது?

ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாகக் காணப்படும் புற்றுநோயை அரிய வகை என ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்துள்ளனர். எலும்பிலும் தசையிலும் தோன்றும் சார்கோமா வகைகள், குழந்தைகளுக்கு வரும் பெரும்பாலான புற்றுநோய்கள், விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா போன்றவை இதில் அடங்கும். தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் அரிது. அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஐரோப்பாவில் புற்றுநோய் காண்போரில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இவ்வகையினர்.

நம் மாவட்டத்தை வைத்துப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 21.6 லட்சம் பேர் வாழ்ந்தனர். லட்சத்துக்கு 6 என்ற மேல் எல்லையில் ஒரு நோய் இருப்பின், ஆண்டுக்குச் சுமார் 130 பேருக்கு அது வரலாம். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயாயின், மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு இருவர் மட்டுமே. அந்த இருவரும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மருத்துவமனைகளில் சிகிச்சை பெறுவர். ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் அந்நோயை ஓரிரு முறையே காணக்கூடும்.

இதனால் மூன்று இடர்கள் விளைகின்றன. முதலாவது, நோயை இனங்காண்பதில் தாமதம். இரண்டாவது, எந்தச் சிகிச்சை சிறந்தது என்று ஒப்பிட்டறியப் போதிய நோயாளிகள் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. மூன்றாவது, வாங்குவோர் குறைவாக இருப்பதால் மருந்து நிறுவனங்கள் அத்துறையில் முதலீடு செய்யத் தயங்குகின்றன. சந்தை கைவிட்ட இவ்விடத்தில் அரசின் நிதியும் பொதுமக்களின் கொடையுமே ஆய்வைத் தாங்கி நிற்கின்றன. எனவே, அரிய புற்றுநோயைப் பொறுத்தவரை நன்கொடையின் பங்கு மற்ற நோய்களைக் காட்டிலும் பெரிது.

ஒரு தமக்கையின் துயரம் மருத்துவமனையான வரலாறு

இதற்கு மிகச் சிறந்த சான்று நம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றவர். அவருடைய தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. தொடக்கத்தில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. தாம் மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க இயலாத துயரம் அவரை விட்டு அகலவில்லை. 1925இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்ற அவர், அங்குப் புற்றுநோய்க்கெனத் தனியே இயங்கிய மருத்துவமனையைக் கண்டார். அத்தகைய ஒன்று சென்னையிலும் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அந்த எண்ணம் நிறைவேற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. புற்றுநோயாளிகள் எப்படியும் இறந்துவிடுகிறார்களே, அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற கேள்வியை ஆட்சிப் பொறுப்பில் இருந்தோரிடமிருந்தும் கேட்க நேர்ந்ததாகப் பின்னாளில் டாக்டர் வி. சாந்தா நினைவுகூர்ந்திருக்கிறார். முத்துலட்சுமி அம்மையார் மக்களிடமே சென்றார். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் பணி தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். 1960இல் குழந்தைகளுக்கான புற்றுநோய்ப் பிரிவு அங்கு உருவானது. டாக்டர் சாந்தா 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்ம விபூஷணும் பெற்று, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்நிலையத்திலேயே வாழ்ந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. திரட்டிய நிதி ஒரு கட்டடத்தோடு முடிந்துவிடவில்லை. சிகிச்சை, ஆய்வு, மருத்துவர் பயிற்சி, நோய்ப் பதிவு ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் வளர அது விதையாயிற்று. அம்மையாரின் தங்கையை அறிந்தவர் இன்று எவரும் இலர். ஆயினும் அந்த இழப்பிலிருந்து எழுந்த நிலையத்தில் நம் மாவட்டத்து நோயாளிகளும் சிகிச்சை பெற்று வருகின்றனர்.

பிற இடங்களில் நிகழ்ந்தவை

1931இல் மெஹர்பாய் டாடா இரத்தப் புற்றுநோயால் காலமானார். அவர் கணவர் சர் தோரப்ஜி டாடா, அடுத்த ஆண்டே மனைவியின் பெயரால் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். இரத்தப் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு அவ்வறக்கட்டளை இன்றளவும் உதவி வருகிறது. டாடா குடும்பத்து அறக்கட்டளையின் பணியால் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. செல்வந்தர் ஒருவரின் கொடை அது.

கனடாவின் டெர்ரி பாக்ஸ் செல்வந்தர் அல்லர். எலும்பில் தோன்றும் அரிய புற்றுநோயால் 1977இல் தம் 18ஆம் வயதில் வலக் காலை இழந்த இளைஞர் அவர். செயற்கைக் காலுடன் நாடு முழுவதும் ஓடி, நாட்டினர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் வீதம் ஆய்வுக்கெனத் திரட்ட விழைந்தார். 1980 ஏப்ரல் 12 அன்று புறப்பட்டு, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த நேரிட்டது. 1981 ஜூனில், 23 வயது நிறையுமுன்னரே மறைந்தார். அதற்கு முன்பே, அவர் விரும்பியவாறு தலைக்கு ஒரு டாலர் என்னும் அளவைத் திரட்டிய நிதி எட்டிவிட்டது. அவர் பெயரால் ஆண்டுதோறும் நிகழும் ஓட்டங்கள் பல நாடுகளுக்கும் பரவி, இதுவரை 80 கோடி கனடா டாலருக்கும் மேல் ஈட்டித் தந்துள்ளன.

அமெரிக்கச் சிறுமி அலெக்ஸாண்ட்ரா ஸ்காட்டுக்கு நரம்புத் திசுக்களில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் இருந்தது. 2000ஆம் ஆண்டில், நான்கு வயதில், தன் வீட்டு வாசலில் எலுமிச்சைச் சாறு விற்று அப்பணத்தை மருத்துவர்களுக்குத் தர முற்பட்டாள். 2004இல் அவள் மறையும்போது, அவளைப் பின்பற்றிப் பலர் திரட்டிய தொகை பத்து லட்சம் டாலரை எட்டியிருந்தது. அவள் பெற்றோர் அப்பணியைத் தொடர்ந்து, குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக்கான பெரிய அறக்கட்டளையாக அதனை வளர்த்தனர்.

மனைவியை இழந்த செல்வந்தர், நோயுற்ற மாணவர், சிறுமி என இவர்கள் வேறுபட்டவர்கள். நிதி ஒரு குறித்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடப்பட்டதும், நடத்துவோர் மாறினும் பணி நிற்காதபடி ஓர் அமைப்பு உருவானதும் மூவர்க்கும் பொதுவானவை.

சிலரைப் பற்றிய ஆய்வு பலரைக் காப்பது எவ்வாறு?

‘மிகச் சிலருக்கே வரும் நோய்க்கு ஏன் செலவிட வேண்டும்?’ என்று சிலர் கேட்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா இதற்கு விடை தருகிறது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தையிடமே காணப்படும் விழிப் புற்று இது. 1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பிரட் நட்சன், இந்நோய் கண்ட 48 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார். சிலருக்கு இரு கண்களிலும், இளவயதிலேயே நோய் தோன்றியது. வேறு சிலருக்கு ஒரு கண்ணில், சற்றுத் தாமதமாகத் தோன்றியது. இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டு, ஓர் உயிரணுவில் ஒரே மரபணுவின் இரு பிரதிகளும் பழுதடைந்தால்தான் இந்நோய் உண்டாகிறது என அவர் முடிவு செய்தார். பரம்பரையாக வருவோருக்கு ஒரு பழுது பிறப்பிலேயே இருப்பதால் நோய் விரைகிறது. 1986இல் அம்மரபணு கண்டறியப்பட்டது. புற்றுநோயைத் தடுத்து நிறுத்தும் மரபணுக்கள் நம் உடலில் உள்ளன என்பது அதனால் உறுதியாயிற்று. வேறு பல புற்றுநோய்களிலும் அதே மரபணு பழுதடைந்திருப்பது பின்னர் அறியப்பட்டது.

48 குழந்தைகளின் பதிவேடுகளே இத்தனை பெரிய உண்மையைத் திறந்து காட்டின. அப்பதிவுகள் முறையாகப் பேணப்பட்டிராவிடில் இது நிகழ்ந்திராது. இன்று, மரபணுச் சோதனையின் துணையால், நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தோரில் எவருக்கு ஆபத்து உண்டு என முன்கூட்டியே அறிந்து கண்ணையும் உயிரையும் காக்க இயல்கிறது. குழந்தையின் கண்மணியில் வெண்மையான ஒளி தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் தோன்றினாலோ உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் பெற்றோருக்கு வலியுறுத்துகிறோம். ஒளிப்படம் எடுக்கும்போது ஒரு கண் மட்டும் வெண்மையாகத் தெரிவதும் அத்தகைய அறிகுறியே.

ஆய்வு என்பது தொலைவில் உள்ள ஒன்றா?

ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டுக் கூடங்களில் நிகழ்வது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்து மக்கள் அளித்த ஒத்துழைப்பு உலக மருத்துவத்துக்கே பயன்பட்டிருப்பதைப் பலர் அறியார். கருப்பை வாய்ப் புற்றுநோய் அரியதன்று. நம் நாட்டில் பெண்களுக்கு மிகுதியாக வரும் நோய்களுள் ஒன்று. ஆயினும் இந்த எடுத்துக்காட்டு நமக்கு அண்மையானது. 2000ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் நோக்கிச் சோதித்தனர். 31,343 பெண்கள் சோதனைக்கு வந்தனர். சோதனை வசதி அளிக்கப்பட்ட பகுதிகளில், அளிக்கப்படாத பகுதிகளைக் காட்டிலும் அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைவாக இருந்தது. 2007இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அம்முடிவுகள் வெளிவந்தன. எளிய சோதனையும் உயிர் காக்கும் என்பதற்கு உலகம் முழுவதும் மேற்கோளாகக் காட்டப்படும் ஆய்வு அது.

அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ ஐக்கிய மருத்துவ மையத்தைச் சார்ந்து இயங்கும் புற்றுநோய்ப் பதிவேடு, 2003 முதல் இம்மாவட்டத்து நோயாளிகளைப் பதிவு செய்து வருகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் தொகுப்பிலும் அதன் தரவுகள் இடம் பெற்றுள்ளன. ஒரு சிற்றூரில் ஒருவருக்கு வந்த அரிய நோயும் கணக்கில் சேர்வதற்கு இத்தகைய பதிவேடே வழி.

சிறு தொகையால் என்ன இயலும்?

ஓர் ஊரார் திரட்டும் தொகையைக் கொண்டு புதிய மருந்தைக் கண்டுபிடித்துவிட இயலாது. ஒரு மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியை வந்தடையப் பல ஆண்டுகளும் பெருந்தொகையும் தேவைப்படும். இதை மறைத்து நம்பிக்கையூட்டுவது முறையன்று.

ஆயினும் சிறு தொகைக்கு உரிய இடங்கள் உள்ளன. ஆய்வில் பங்கேற்கும் நோயாளி, பேருந்துக் கட்டணத்துக்கு வழியின்றியும் ஒருநாள் கூலியை இழக்க இயலாமலும் மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுகிறார். அவருக்கு என்னவாயிற்று என்று தெரியாமற்போனால், நோயாளிகள் குறைவாக உள்ள அரிய நோய் ஆய்வின் முடிவே பிழையாகிவிடும். அவருடைய பயணச் செலவை ஏற்பது ஆய்வுக்கு நேரடி உதவி. நோயாளிகளின் விவரங்களைத் தொகுக்கும் பணியாளருக்கு ஊதியம் அளித்தல், திசு மாதிரிகளைக் கெடாமல் பாதுகாத்தல், வசதியற்ற குடும்பத்துக்கு மரபணுச் சோதனை செய்து தருதல், இளம் மருத்துவர் ஒருவர் சிறப்பு நிலையத்தில் பயிற்சி பெற உதவுதல் ஆகியனவும் அத்தகையவை. பல ஊர்களின் நினைவு நிதிகள் ஒரே நிலையத்தில், ஒரே நோக்கத்துக்கெனச் சேருமாயின் அவற்றின் ஆற்றல் பன்மடங்காகும். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி அறக்கட்டளை தொடங்குவதைவிட இதுவே சிறந்தது என்பது எங்கள் கருத்து.

நிதி திரட்டுமுன் கவனிக்க வேண்டியவை

முதலில் குடும்பத்தின் கடன் தீரட்டும். சிகிச்சைக்கென நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கித் தவிக்கும் குடும்பம், நன்கொடை அளிக்கவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. பிள்ளைகளின் படிப்பைக் காப்பதும் மறைந்தவருக்குச் செய்யும் கடமையே. உறவினரோ ஊராரோ அவர்களை இதற்கு வற்புறுத்தலாகாது.

அடுத்து, நோக்கத்தை எழுத்தில் வரையறுங்கள். ‘புற்றுநோய் ஆராய்ச்சிக்கு’ என்று பொதுவாகக் கூறாமல், எந்த நோய்க்கு, எந்த நிலையத்துக்கு, எந்தப் பணிக்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும். நோயாளிகளுக்கான உதவி வேறு, ஆய்வுக்கான உதவி வேறு. இரண்டும் தேவை, ஒன்றின் பெயரால் திரட்டி மற்றொன்றுக்குச் செலவிடுவது கூடாது.

பணம் தனிநபர் கணக்கில் சேராமல், நிலையத்தின் வங்கிக் கணக்குக்கே செல்லட்டும். ஒவ்வொரு தொகைக்கும் இரசீது கேளுங்கள். வரிவிலக்குச் சான்று உண்டா என்றும் வினவுங்கள். ஆய்வாயின், நிலையத்தின் நெறிமுறைக் குழு அதற்கு ஒப்புதல் அளித்துள்ளதா, ஆண்டிறுதியில் கொடையாளருக்கு அறிக்கை தருவார்களா என்பவற்றையும் கேட்டறியுங்கள். நேர்மையான நிறுவனம் இக்கேள்விகளால் மனம் வருந்தாது. கட்செவி அஞ்சலில் பரவும் வேண்டுகோள்களை, உரிய மருத்துவமனையுடன் தொடர்பு கொண்டு சரிபார்த்த பின்னரே பகிருங்கள்.

ஜமாஅத்தோ, திருச்சபையோ, கோயில் நிர்வாகமோ, வணிகர் சங்கமோ முன்னின்று திரட்டினால் மக்களுக்கு நம்பிக்கை கூடும். கணக்கைப் பொதுவில் வைக்கவும் எளிது. ஜகாத் நிதிக்கு உரியோர் இன்னார் என மார்க்கத்தில் வரையறை இருப்பதால், அதை ஆய்வுக்கு அளிக்கலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

மறைந்தவரின் படத்தையும் நோய் விவரத்தையும் வெளியிடுமுன் குடும்பத்தார் அனைவரின் இசைவையும் பெறுங்கள். குறிப்பாக, பரம்பரையாக வரக்கூடிய நோயாயின், அவ்விவரம் மணவயதில் உள்ள பிள்ளைகளின் வாழ்வைப் பாதிக்கக்கூடும். நோயுற்றிருப்பவர் படுக்கையில் இருக்கும் நிலையில், அவர் அறியாமல் படமெடுத்துப் பரப்புவதை அறவே தவிர்க்க வேண்டும்.

பணமின்றியும் அளிக்கலாம்

அரிய நோயைப் பொறுத்தவரை ஒவ்வொரு நோயாளியின் விவரமும் பொன்னைப் போன்றது. சிகிச்சையின்போது எடுத்த திசு மாதிரியை மெழுகில் பதித்து ‘பிளாக்’ என்ற பெயரில் பாதுகாக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்தும் அதில் புதிய சோதனைகள் செய்ய இயலும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் புற்றுநோய்த் திசுக்களுக்கான தேசிய சேமிப்பகம் ஒன்றும் செயல்படுகிறது. உங்களிடம் ஆய்வுக்கான ஒப்புதல் கேட்கப்படும்போது, படிவத்தைப் படித்து, புரியாதவற்றை வினவி, விருப்பமிருப்பின் கையொப்பமிடுங்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எக்குறையும் நேராது. கையொப்பமிட்ட பின்னர் விலகிக் கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நோயாளி மறைந்தபின், அவருடைய அறிக்கைகளும் ஸ்லைடுகளும் அடங்கிய பையைக் கண்ணில் பட்டாலே துயரம் பெருகும் என்று பலர் எரித்துவிடுகிறார்கள். அருள்கூர்ந்து அதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு குடும்ப உறுப்பினருக்கு நோய் வந்தால், அந்தப் பழைய அறிக்கையே மருத்துவருக்கு வழிகாட்டும். பதிவேட்டுப் பணியாளர் வீடு தேடி வந்து விசாரித்தால், அவர் எந்த நிறுவனத்தைச் சார்ந்தவர் என்பதை உறுதி செய்துகொண்டு, மறைந்தவர் பற்றிய விவரங்களைக் கூறுங்கள். அவர் எப்போது நோயுற்றார், என்ன சிகிச்சை பெற்றார், எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்ற மூன்றும் கிடைத்தால்தான் அவர் வாழ்வு அந்தக் கணக்கில் முழுமையாக இடம்பெறும்.

நினைவு நிதி தொடங்க விரும்பும் குடும்பத்தினர், சிகிச்சையளித்த மருத்துவரை ஒருமுறை சந்தித்துப் பேசுவது நன்று. நோயின் சரியான பெயர் என்ன, அதற்கான ஆய்வு நம் நாட்டில் எங்கே நிகழ்கிறது, உங்கள் தொகை எப்பணிக்குப் பொருந்தும் என்பனவற்றை அவர் கூறுவார். அதற்கென அவசரம் ஏதுமில்லை. நாற்பதாம் நாளிலோ முதல் திவசத்திலோ முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனம் தெளிந்த ஒரு நாளில், அந்த அறிக்கைப் பையுடன் வாருங்கள்.